குரல் விழும் இடம்

முத்தாழை ஊர்ப் படகுகள் ஐந்தும் ஏழு நிமிடம் தாமதமாகக் கண் சிமிட்டின. வேறு யாராவது என்றால் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆவுடைநாயகியால் முடியவில்லை. ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாத வரை அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் அவள் தவறவிட்ட பேருந்துகள் பல, வரன்கள் இரண்டு.

அவள் வேலை பார்த்த ஆய்வு நிலையம் நாங்குநேரிக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பொட்டலில் இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. அங்கே தலைக்கு மேல் முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், வெயில் பட்டுப் பட்டு மின்னேறிப்போன காற்று ஒரு போர்வையாகக் கிடக்கிறது. அயனி மண்டலம் என்பார்கள். செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் எல்லாம் அதைக் கடந்துதான் தரைக்கு வர வேண்டும். சூரியனில் ஏதாவது வெடித்துப் பூமியின் காந்தப் புலம் குலுங்கினால் இந்தப் போர்வையும் சுருளும், கிழியும், குமிழ் விடும். அப்போது சமிக்ஞைகள் தட்டுத் தடுமாறி வரும். சில வராமலே போகும்.

அந்தப் போர்வையைப் படம் பிடிப்பதுதான் ஆவுடையின் வேலை. ஒரு பொருளின் உள்ளே பார்க்க வேண்டுமானால் பல பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவர்கள் செய்வதும் அதைத்தான். தரையில் கருவி வைக்க இடம் உண்டு, கடலில் எங்கே வைப்பது? மீன்பிடிப் படகுகளில் வைப்போம் என்றாள் ஆவுடை. முந்நூற்றுப் பன்னிரண்டு விசைப்படகுகளில், டிபன் பாக்ஸ் அளவில் ஆளுக்கொரு பெட்டி. தான் இருக்கும் இடத்தையும், சமிக்ஞை எவ்வளவு தடுமாறி வந்தது என்பதையும் பெட்டி நிலையத்துக்குச் சொல்லும். அத்தனை தடுமாற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்து நிலையம் மேல்வானத்தின் படத்தைப் போடும். பதிலுக்குப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை. மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

“பெட்டி பழசாயிருக்கும் மேடம்,” என்றான் தாவூத். மேலப்பாளையத்துக்காரன், நிலையத்தின் கணிப்பொறிகளும் ஆன்டெனாக்களும் அவன் பொறுப்பு. “இல்லன்னா நம்ம கடிகாரம் தப்பு.”

“அஞ்சு பெட்டியும் சொல்லி வச்ச மாதிரி ஏழு நிமிசம் பழசாகுமா? மத்த படகெல்லாம் சரியாத்தானே இருக்கு.”

மணி ஏழரை. பொழுது சாய்ந்தால் போர்வையில் குமிழ்கள் கிளம்பி மேற்கிலிருந்து கிழக்கே நகர ஆரம்பிக்கும். குமிழ் ஒரு படகின் தலைக்கு மேல் வரும்போது அந்தப் படகின் சமிக்ஞை நட்சத்திரம் போல மினுங்கும். மேற்கே நிற்கும் படகு முதலில், கிழக்கே நிற்கும் படகு பின்னால். இதில் அடிதடியே கிடையாது, வரிசை மாறாது.

“பந்தியில சாம்பார் வாளி வருதுன்னு வச்சுக்கோ,” என்றாள் ஆவுடை. “இந்த அஞ்சு பேரும் மூணாவது எலையில உக்காந்திருக்கோம்னு சொல்லுதாங்க. ஆனா வாளி பன்னெண்டாவது எலைக்குப் போறப்பதான் இவங்களுக்குச் சாம்பார் விழுது.”

தாவூத் தலையைச் சொறிந்தான். “அப்போ சொன்ன எடத்துல உக்காரல.”

“உக்காரல. நாப்பது கிலோமீட்டர் கெழக்க இருக்காங்க. இடத்தைப் பொய் சொல்லப் பெட்டிக்கு யாரோ கத்துக்குடுத்திருக்காங்க.”

“கெழக்கேயா, தென்கிழக்கேயா?”

“அதுதான் தெரியாது. குமிழு வடக்கு தெற்கா, நீளமா, பந்திப் பாயை விரிச்ச மாதிரி வரும். அந்தப் பாய்க்கு அடியில வடக்க நின்னாலும் தெற்க நின்னாலும் ஒரே நேரத்துலதான் மினுங்கும். ஒரு கோடுதான் கெடைக்கும். இன்னொரு கோடு வேணும்.”

அன்றைக்கு அது அவளுக்கு ஒரு விடுகதையாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்குள் அது நாற்பத்தோரு உயிர்களின் கணக்காக மாறிவிட்டது.

முதல் காரணம் சூரியன். முந்தின நாள் வெடித்தது பூமியைத் தொட்டு, காந்தப் புயல் எல்லாரும் நினைத்ததைவிட மும்மடங்கு பெரியதாக இறங்கியது. தென்கடலில் செயற்கைக்கோள் தொடர்பு முழுக்க அறுந்தது. இரண்டாவது காரணம் கடல். குமரிக்குத் தெற்கே கிடந்த காற்றழுத்தம் திடீரென்று இறுகி, மறுநாள் விடிவதற்குள் புயலாகும் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். எச்சரிக்கை வந்த அன்றைக்கே அதைக் கொண்டுபோக வேண்டிய வழியும் அறுந்துபோனது. கரைக்குப் பக்கத்தில் நின்ற படகுகளை வயர்லெஸ் எட்டிவிட்டது. பெட்டி வைத்த படகுகளில் தூரக் கடலில் மிஞ்சியவை முத்தாழையின் ஐந்துதான்; அவற்றுக்கு நிலையத்தின் கடைசி ஆயுதம்தான் மிச்சம்.

ஆவுடை நேரே முத்தாழைக்குப் போன் போட்டாள். ஊர்ப் படகுகளுக்கு வயர்லெஸ் பார்க்கும் ஜெசிந்தா மச்சாது எடுத்தாள். “பெட்டி காட்டுத எடத்துலதான் நிக்காக,” என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு ஆவுடையின் ஜீப் முத்தாழையில், ஐஸ் கம்பெனி வாசலில் நின்றது. வயர்லெஸ் அறை மாடியில். மாதா படம், சுவரில் படகுகளின் பெயர்கள், மேஜையில் ஒரு பழைய செட். ஜெசிந்தாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய கணவர் கபிரியேல்தான் ‘சம்மனசு’ படகின் டிரைவர். மற்ற நான்கு படகுகளும் அவர் பின்னால் போகிறவை.

“போன்ல சொன்னேன்லா மேடம்,” என்றாள் ஜெசிந்தா.

“சொன்னீங்க. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நாப்பது கிலோமீட்டர் கிழக்கே நிக்கிறாங்க. வடக்க எவ்வளவு, தெற்க எவ்வளவுன்னுதான் தெரியல.”

ஜெசிந்தாவின் முகம் மாறியது. கோபம் இல்லை, வீட்டுக்குள் யாரோ புகுந்து பார்த்துவிட்ட மாதிரி ஒரு பயம். “யாரு சொன்னா?”

“வானம் சொல்லிச்சு. ஆள் யாரும் சொல்லல.”

“நீங்க மேலதான் பாக்கோம்னு சொல்லித்தானே பெட்டிய மாட்டுனீக?”

மேலே பார்ப்பதற்காகச் செய்த கருவி கீழேயும் பார்க்கும் என்று மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள். பிறகு, நிலையத்தால் என்ன செய்ய முடியும் என்பதை விளக்கினாள்.

“எங்ககிட்ட ஆறு பெரிய ஆன்டெனா இருக்கு அக்கா. ரேடியோவுல பேசுற குரலை மேல எறிஞ்சா, அந்தப் போர்வையில பட்டுத் தெறிச்சு தூரக் கடல்ல விழும். இன்னைக்குப் போர்வை கோணல்மாணலா கெடக்கு. ஆனா தரையில இருக்க கருவிங்களால அந்தக் கோணல் எங்க படத்துல தெரியுது. அதனால எங்க விழணுமோ அங்க எறிய முடியும். ஒரு அறுபது கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள விழும். அந்த வட்டத்துல இருக்கவங்க சாதாரண செட்டுலயே கேக்கலாம், அவங்க பேசுறதும் அதே வழியா எங்களுக்கு வரும்.”

“சுத்தி எல்லாப் பக்கமும் எறிஞ்சு பாருங்க.”

“ஒரு எறிக்கு அரை மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு மேல போர்வை ரொம்ப மெலிஞ்சிரும், குரல் திரும்பி வராது. பெட்டி சொல்ற எடத்துக்கு எறிஞ்சா என் குரல் சும்மா கெடக்கிற தண்ணியில போய் விழும்.”

ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். அது எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. புயல் வரும் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள்.

“அது பாரு மேடம்,” என்றாள் மெதுவாக. “தண்ணிக்குள்ள கெடக்க மலை. மீனு அதுலதான் தங்கும். எங்க ஊருக்கு மட்டும் தெரிஞ்ச பாரு. மாதா கோயில்ல சத்தியம் பண்ணித்தான் அஞ்சு படகும் போகுது. வயர்லெஸ்ல நாங்க ஒருநாளும் நெசம் பேச மாட்டோம். மீனு இல்லன்னா இருக்குன்னு அர்த்தம். வடக்கன்னா தெற்க. பக்கத்து ஊர்க்காரன் காத வச்சுட்டே இருப்பாம்லா.”

“இன்னைக்கு ஒருநாள்—”

“நீங்க சொன்னா அவுக நம்ப மாட்டாக. ரெண்டு வருசம் முந்தி இப்பிடித்தான், புயல் வருதுன்னு ஒரு குரல் வந்துச்சு. வலையச் சுருட்டிட்டு ஓடியாந்தாக. புயலும் வரல, ஒன்னும் வரல. பாரத் தேடி எங்களக் கெளப்புத வேல. அன்னையில இருந்து புயல்னு எவன் சொன்னாலும் அசைய மாட்டாக.”

கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா செட்டை அணைத்தாள். மாதா படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

“நானே வாறேன். எடத்த நானே வைக்கேன். நீங்க பாக்கப்படாது.”

நிலையத்துக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. எறியும் மேஜையில் இரண்டு திருகுகள். ஒன்று கிழக்கு மேற்கு; அதை ஆவுடை ஏற்கனவே வைத்துவிட்டாள். மற்றது வடக்கு தெற்கு. எப்படித் திருக வேண்டும் என்று தாவூத் ஜெசிந்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். எறிந்த இடம் தானாகப் பதிவாகிற கணிப்பொறியின் கேபிளை உருவி மேஜையில் வைத்தான். பதிவை நிறுத்துவது விதிப்படி குற்றம். அதை யாரும் பேசவில்லை.

“திரும்பிக்கோங்க,” என்றாள் ஜெசிந்தா.

முனைவர் பட்டம் வாங்கிய ஒருத்தியும் பொறியியல் படித்த ஒருவனும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார்கள். பின்னால் திருகு கிர்ரென்று சுற்றியது. ஆவுடைக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் கண்ணாடியில் மேஜையின் ஒரு ஓரம் தெரிந்தது. கொஞ்சம் தலையைச் சாய்த்தால் எண்ணும் தெரியும். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டதில்லை.

“சம்மனசு, சம்மனசு, முத்தாழை.” ஜெசிந்தாவின் குரல் மேலே போனது. “புயல் வருது. கெளம்பி வாங்க. சம்மனசு, சம்மனசு, முத்தாழை.”

இருபது தடவை சொல்லியிருப்பாள். இரண்டே முக்காலுக்கு, பொரிந்து பொரிந்து, ஒரு ஆண் குரல் வந்தது.

“முத்தாழை, சம்மனசு. நாங்க கன்னியாகுமரிக்கு நேரா நிக்கோம். மீனு ஒன்னுமில்ல. கடலு மோசம். சாயந்தரம் கரைக்கு வந்துருவோம்.”

தாவூத் சுவரைப் பார்த்தபடியே கையைத் தட்டினான். “வந்துருவாங்களாம் மேடம்.”

“சும்மா இருங்க தம்பி,” என்றாள் ஜெசிந்தா. “எல்லாம் தலகீழு. கடலு நல்லாருக்கு, மீனு நெறையக் கெடக்கு, வர மாட்டோம்கிறாக. என்னை யாரோ மெரட்டிச் சொல்ல வைக்காங்கன்னு நெனச்சிட்டாக.”

அவள் மறுபடி சொன்னாள். சத்தியமாகப் புயல் என்றாள். மாதா மேல் ஆணை என்றாள். அந்தப் பக்கம் அதே பதில். கபிரியேலின் குரலில் ஒரு கவலையும் தெரிந்தது. தன் பெண்சாதி கரையில் யாரிடமோ மாட்டிக்கொண்டாள் என்ற கவலை. மூன்று இருபது. படத்தில் போர்வை வெளுத்துக்கொண்டே வந்தது. முப்பது வருஷமாகப் பொய்யை மட்டுமே பேசிப் பழகிய ஒரு வயர்லெஸில் நிஜத்தை எப்படிச் சொல்வது? ஆவுடைக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தாவுக்கும் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று பயந்து திரும்பாமலே நின்றாள்.

மூன்றரைக்கு ஜெசிந்தா மைக்கைக் கிட்டத்தில் இழுத்தாள்.

“ஏங்க, கேளுங்க,” என்றாள். படகின் பெயரைச் சொல்லவில்லை. “நான் ஒன்னு சொல்லுதேன். எவன் கேட்டாலும் கேக்கட்டும்.”

பிறகு பாரின் இடத்தைச் சொன்னாள். வடக்கு இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம். கிழக்கு இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை. அந்த எண்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோயிலில் சத்தியம் பண்ணிய யாரும், யார் மிரட்டினாலும், அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். உயிர் போகிற நேரத்தைத் தவிர.

தாவூத் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். ஆவுடை அடைக்கவில்லை. கேட்டுவிட்டாள்.

இரைச்சல். பிறகு கபிரியேலின் குரல், தூரத்திலிருந்து, சோர்ந்துபோய் வந்தது.

“வலைய வெட்டுதோம் ஜெசி. வாறோம்.”

ஜெசிந்தா மைக்கை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஆட்கள் பிழைத்ததற்கும் பார் போனதற்கும் சேர்த்துத்தான் அழுதாள் என்று ஆவுடைக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பேய்க்காற்றில் ஐந்து படகுகளும் கரை சேர்ந்தன. நாற்பத்தோரு பேரும் வந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஜெசிந்தா நிலையத்துக்கு வந்தாள். ஆவுடை காபி போட்டுக் கொடுத்தாள். ஜெசிந்தா குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாரு மேல இப்போ பதினோரு படகு நிக்கி. பக்கத்து ஊரு தோப்புவிளைக்காரன்.”

ஆவுடை எழுந்துவிட்டாள். “அக்கா, நான் யார்கிட்டயும்—”

“தெரியும். நீங்க இல்ல. அன்னைக்கு அந்தப் பதினோரு படகும் எங்களுக்குப் பக்கத்துலதான் எங்கயோ பாரத் தேடிட்டுக் கெடந்திருக்கு. உங்க வட்டத்துக்குள்ள. புயல்னு கேட்டு அவனும் சிரிச்சிருக்கான். எங்க எண்ணக் கேட்ட பெறகுதான் பயந்திருக்கான். முத்தாழைக்காரி பாரச் சொல்லுதான்னா சாவு வருதுன்னு அர்த்தம்னு, எங்களுக்கு முந்தி கரைக்கு ஓடியாந்திட்டான்.” ஜெசிந்தா ஒரு வாய் குடித்தாள். “நன்றி சொல்லிட்டுப் போயி வலையப் போட்டிருக்கான் படுபாவி. போட்டும். உயிரோட வந்தாம்லா.”

அவள் பையிலிருந்து, கோந்து போட்டு ஒட்டி, மேலே மெழுகும் உருக்கி ஊற்றிய ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தாள். “இது உங்க பீரோவுல கெடக்கட்டும். இன்னொரு தடவ அப்பிடி ஒரு நாள் வந்தா மட்டும் கிழிங்க. என்னைக் கூப்பிட நேரம் இல்லன்னா உள்ள எடமும் ஒரு சொல்லும் எழுதியிருக்கு, அங்க எறிஞ்சு அந்தச் சொல்லச் சொல்லுங்க. நம்புவாக.”

“புதுசா பாரு கெடச்சிருக்கா?”

“அத ஏன் கேக்கீக,” என்றாள் ஜெசிந்தா. முதல் தடவையாகச் சிரித்தாள்.

கவர் ஆவுடையின் ஸ்டீல் பீரோவுக்குள் போனது. தினமும் அந்தப் பீரோவைக் கடந்துதான் அவள் தன் நாற்காலிக்குப் போக வேண்டியிருந்தது. அது அவளுக்கு எப்பேர்ப்பட்ட சோதனை என்பதை அவளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தை மாதத்தில் ஒரு சின்னக் காந்தப் புயல் வந்தது. பொழுது சாய்ந்ததும் குமிழ்கள் மேற்கிலிருந்து வரிசையாகக் கிளம்பின. கடலில் படகுகள் ஒவ்வொன்றாக மினுங்கின. முத்தாழைப் படகுகள் ஐந்தும் இந்தத் தடவை ஒன்பது நிமிடம் முன்னதாகக் கண் சிமிட்டின.

தாவூத் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் வானத்தின் படம் கெடாதபடி அந்த ஐந்து பெட்டிகளை மட்டும் கணக்கிலிருந்து விலக்கினாள். தூரம் தெரிய ஒன்பதை எதனால் பெருக்க வேண்டும் என்று அவள் மூளை தன்பாட்டுக்கு ஆரம்பித்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

போன் அடித்தது. ஜெசிந்தா.

“சும்மாதான் கூப்பிட்டேன் மேடம். இன்னைக்கு மேல ஏதோ ஆட்டம்னு நியூஸ்ல சொன்னாம்லா. எங்க பெட்டியெல்லாம் எடத்தச் சரியா காட்டுதா?”

ஆவுடை திரையைப் பார்த்தாள். ஐந்து புள்ளிகள், இருக்கவே முடியாத இடத்தில், ஒழுங்காக வரிசை கட்டி நின்றன.

“சரியாத்தான் காட்டுது அக்கா,” என்றாள்.

பிறகு, “சாப்டாச்சா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“இனிமேதான்.”

எட்டு மணிப் பேருந்தைத் தவறவிடாமல் பிடித்து ஆவுடை வீட்டுக்குப் போனாள். அன்று அவளுக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.